24,000 வருது, 25,650 போகுது, எங்க கைய வைக்கறது?

கொருக்குப்பேட்டை பையன்:
வணக்கம் மக்களே. வீட்டு கணக்க ஒளிக்காம அப்படியே போடறேன், பாத்துட்டு சொல்லுங்க. நான் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல டேலி பாக்கறேன் (வர்ற போற பெட்டிய எண்ணி எழுதற வேல), காண்ட்ராக்ட் தான், கைக்கு 15,000. வொய்ஃப் வீட்லயே நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் பீஸ் ரேட்டுக்கு தைக்கறா, 4,000 வரும். அம்மா காலைல வாசல்ல இட்லி கடை போடறாங்க, மாசம் 5,000 நிக்குதுன்னு சொல்றாங்க. ஆக 24,000. செலவு: வாடகை 6,000, கரண்ட் 900 (ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபா போடறாரு), கேஸ் 900, மளிகை கறி மீன் எல்லாம் சேத்து 6,500, குழு லோன் 2,350, தண்டல் கடனுக்கு டெய்லி 100 அது 3,000, போன் டியூ 1,800, பெட்ரோல் 2,000, அம்மாவுக்கு சுகர் பிபி மாத்திரை 700, பாப்பா ஸ்கூல் வேன் ஃபீஸ் எல்லாம் சராசரியா 1,500. மாசம் 1,650 துண்டு விழுது. அத அடைக்க இருபதாம் தேதிக்கு மேல யார்கிட்டயாவது கைமாத்து. டீ குடிக்காதீங்க சிகரெட்ட நிறுத்துங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, ரெண்டும் எனக்கு கிடையாது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
ப்ரோ பெட்ரோல் 2,000 எப்படி? கொருக்குப்பேட்டைல இருந்து மணலி போய்ட்டு வந்தா 16 கிலோமீட்டர் வெச்சிக்கோ, 26 நாளு, வண்டி 45 குடுத்தாலும் பத்து லிட்டர் கூட ஆகாது. ஆயிரம் ரூபாய்ல முடியணும்.

கொருக்குப்பேட்டை பையன்:
மச்சான் அப்பப்ப வண்டி எடுத்துட்டு போவான் ப்ரோ. கேக்க முடியல.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
அப்ப அது பெட்ரோல் செலவு இல்ல, மச்சான் செலவு, தனியா எழுது 😀

வட்டிக்கணக்கு:
நான் பெரம்பூர் பக்கம் ஒரு பேங்க்ல கிளார்க். முதல்ல அந்த தண்டல் பத்தி சொல்லுங்க. எவ்ளோ வாங்கினீங்க, கைக்கு எவ்ளோ வந்துச்சு, எத்தன நாள்?

கொருக்குப்பேட்டை பையன்:
பத்தாயிரம் சார். 1,500 பிடிச்சிட்டு 8,500 குடுத்தாரு, டெய்லி 100, நூறு நாள். அம்மா கடைக்குன்னு ஆரம்பிச்சது. முடிய முடிய திரும்ப எடுத்துக்கறாங்க, வருஷக்கணக்கா ஓடுது.

வட்டிக்கணக்கு:
எல்லாரும் இத 15 பர்சென்ட்னு நெனச்சிக்கறாங்க. அப்படி இல்ல. 8,500 நூறு நாளும் உங்க கைலயே இருந்தா தான் அந்த கணக்கு, நீங்க மறுநாள்ல இருந்தே திருப்பி குடுக்க ஆரம்பிச்சிடறீங்க, அம்பதாவது நாள் 5,000 போயிடுச்சு, ஆனா வட்டி மட்டும் முழு தொகைக்கும் முன்னாடியே எடுத்தாச்சு. குறையற அசலுக்கு கணக்கு போட்டா வருஷத்துக்கு 120 பர்சென்ட் வருது, அதாவது மாசம் பத்து வட்டி. சேட்டு கடைல நகை வெச்சா ரெண்டு வட்டி, அதுக்கே நாம பொலம்பறோம். வருஷத்துக்கு மூணரை ரவுண்டு ஓட்டறீங்கன்னா வட்டியா மட்டும் 5,000-க்கு மேல போகுது, அதுவும் எந்த நேரத்துலயும் சராசரியா நாலாயிரம் சொச்சம் தான் உங்க கைல நிக்குது. 2003-ல வந்த கந்துவட்டி தடை சட்டத்துல மீட்டர் வட்டி மாதிரி தண்டலும் பேர் சொல்லியே இருக்கு, தெரிஞ்சிக்கோங்க.

காசிமேட்டு அக்கா:
சட்டம் கீது சார், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வெடிகாத்தால மூணு மணிக்கு ஏலத்துல நிக்கசொல்ல சட்டமா வந்து துட்டு குடுக்கும்? கூடை விலை ஏறிகினே போவும், கைல நோட்டு இருக்குறவ தூக்கினு போவா, இல்லாதவ கெடந்ததுல பொறுக்கினு வரணும். தண்டல்காரன் ஆதார் கேக்கமாட்டான், ஃபார்ம் கேக்கமாட்டான், மூஞ்ச பாத்து குடுப்பான். பேங்குக்கு போனா ஒரு நாள் பொழப்பு பூடுது. அத வுட்டுட்டு வட்டி ஜாஸ்தின்னு பாடம் எடுத்தா இன்னா பண்றது.

வட்டிக்கணக்கு:
ஒத்துக்கறேன் அக்கா. ஆனா உங்களுக்கு அது அன்னைக்கு எடுத்து அன்னைக்கே மீனா மாறி துட்டா திரும்புது. இவர் வீட்டுல அது வியாபாரத்துக்கு போகுதா, வாடகைக்கு போகுதான்னு பாக்கணும்ல?

காசிமேட்டு அக்கா:
அத்த தான் நானும் கேக்க வந்தேன். தம்பி, அம்மா இட்லி கடைக்கு அரிசி உளுந்து எங்க இருந்து வருது? வூட்டு மளிகைலயா? கேஸு வூட்டு சிலிண்டரா? சட்னிக்கு தேங்கா, பொட்டுக்கடலை யாரு வாங்குறா?

கொருக்குப்பேட்டை பையன்:
அம்மாகிட்ட கேட்டுட்டு வந்துட்டேன் அக்கா. அரிசி ரேஷன்ல வர்றது, பத்தலனா அண்ணாச்சி கடைல இட்லி அரிசி. உளுந்து, எண்ணெய், மொளகா எல்லாமே வீட்டு அக்கவுண்ட் நோட்டுல தான் எழுதறாங்களாம். கேஸும் வீட்டு சிலிண்டர் தான், அதான் மாசத்துக்கு ஒண்ணு தீந்துடுது. தேங்காய் மட்டும் கடை காசுல.

காசிமேட்டு அக்கா:
அப்ப அஞ்சாயிரம் லாபம்னு எப்டி சொல்றாங்கோ? டப்பால நிக்கிறத எண்ணி சொல்றாங்கோ. மொதலு வூட்டு கணக்குல, வரவு கடை கணக்குல. உன் 6,500 மளிகைல ரெண்டாயிரமாச்சும் கடையோடது தம்பி, தண்டல் வேற கடை பேர்ல. அத்த கழிச்சிகினு பாரு, அம்மாவுக்கு கூலி கூட நிக்காது போல. நான் அம்மாவ குத்தம் சொல்லல, கடைய மூடவும் சொல்லல. ரெண்டு டப்பா வை. கடை டப்பால இருந்து தான் உளுந்து வாங்கணும், வூட்டு டப்பா பக்கம் கை போவக்கூடாது. ஒரு மாசம் அப்டி ஓட்டுனா இட்லிய எவ்ளோக்கு விக்கணும்னு தானா தெரியும். உங்க தெருவுல இட்லி எவ்ளோ?

கொருக்குப்பேட்டை பையன்:
அம்மா 5 ரூபாய்க்கு விக்கறாங்க. மெயின் ரோட்டுல வண்டில 8, 10.

காசிமேட்டு அக்கா:
ஏழு ஆக்க சொல்லு. திடீர்னு ஏத்துனா முறைப்பாங்கோ, கூட வட கறி இல்ல காரச் சட்னி எதுனா ஒண்ணு சேத்து ஏத்து. ஞாயித்துக்கிழமைல காலைல மீன் கொழம்பு வெச்சா இட்லி பத்தாது, நான் சொல்றேன். கவளை, கானாங்கத்த வாங்கு, வஞ்சிரம் பக்கம் போவாத. அவசரப்படாம ஏலம் முடிஞ்சப்பறம் ஏழு மணிக்கு மேல வந்தா மிச்சம் இருக்குறத கொறைச்சு போட்டு குடுப்பாங்கோ. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்கு போவாது, அப்ப மீன் விலை தாறுமாறா இருக்கும், அந்த சீசன்ல கருவாட்டு கொழம்புக்கு மாத்திக்க சொல்லு.

டோல்கேட் அண்ணாச்சி:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. நான் கடைக்காரன், நானே சொல்லுதேன், நோட்டுல எழுதி வாங்குறவங்க விலை கேக்க மாட்டாங்க. கையில காசு வச்சிட்டு வாங்குறவங்க ஒரு ரூபாய்க்கு பேசுவாங்க. இட்லி கடைக்கு உளுந்து அரை கிலோ அரை கிலோவா வாங்காம கொத்தவால் சாவடி பக்கம் போய் மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா எடுங்க, எங்ககிட்ட வாங்காதீங்கன்னு சொல்ல எனக்கே கஷ்டமா தான் இருக்கு. அப்பறம் ரேஷன்ல துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. மாசக் கடைசி வரைக்கும் விட்டுட்டு தீந்துடுச்சுன்னு திரும்பி வராதீங்க, லோடு எறங்குன அன்னைக்கே போயிடணும். கடைக்கார பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சா சொல்லுவான்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
எல்லாம் சரி, செலவ எவ்ளோ தான் குறைப்பாங்க? 24,000-த்த பிழிஞ்சா 24,000 தான் வரும். வருமானத்த ஏத்தறத பேசுங்க.

கொருக்குப்பேட்டை பையன்:
அதான் நைட்டு டெலிவரி போகலாமான்னு யோசிக்கறேன் ப்ரோ.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
நான் டெலிவரி தான் பண்றேன், அதனால சொல்றேன், ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து நைட்டு வேணாம். ஆப்ல காட்டறது வரவு தான். அதுல பெட்ரோல், ஆயில், டயர், செயின் செட், போன் சார்ஜ் போய் நிக்கறது தான் சம்பளம். நூறு கிலோமீட்டர் ஓட்டுனா 220 ரூபா பெட்ரோலுக்கே போகும். எங்க ரோடு வேற எப்படின்னு தெரியும், கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும், நடுவுல சந்துல பூந்து போகணும், நைட்டுல தூக்கம் சொக்கினா அவ்ளோ தான். எதுக்கும் பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபா விபத்து இன்சூரன்ஸ் இருக்கு, செத்தா ரெண்டு லட்சம், அத உடனே போடு. 436 ரூபா லைஃப் இன்சூரன்ஸும் இருக்கு, அதுவும் ரெண்டு லட்சம், 50 வயசுக்குள்ள சேரணும்.

ஹார்பர் பெருசு:
நான் துறைமுகத்துல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். தம்பி நீ யார்டுலயே இருக்க, வெளிய எங்கயும் தேட வேணாம். டேலில எத்தன வருஷம் இருந்தாலும் டேலி தான், சம்பளம் ஐநூறு ஆயிரம் ஏறும். அங்கயே இருந்து ரெண்டு பக்கம் போகலாம். ஒண்ணு வண்டி பக்கம், ஃபோர்க்லிஃப்ட், அதுக்கு மேல ரீச் ஸ்டேக்கர், கன்டெய்னர தூக்கி அடுக்கற வண்டி. ஆபரேட்டருக்கும் டேலிக்கும் சம்பளம் ஏணி வெச்சாலும் எட்டாது. இன்னொண்ணு பேப்பர் பக்கம். கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ் எல்லாம் பாரிமுனைல தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெருவுல கொட்டி கெடக்கு. உங்க யார்டுக்கு அவங்க ஃபீல்டு பாய் டெய்லி வருவான் இல்ல? அவன்கிட்ட பேசு. பெட்டி எங்க இருக்கு, சீல் உடைக்க யார கூப்பிடணும், எந்த ஆபீசர் எப்ப வருவாரு, எல்லாம் உனக்கு அத்துப்படி, ஆபீஸ்ல இருக்குற டிகிரி பசங்களுக்கு அது தெரியாது. ஏஜென்ட் ஆளுங்களுக்கு கஸ்டம்ஸ் குடுக்குற எச் கார்டு வாங்கி ஃபீல்டுல ஆரம்பிச்சு, இறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் போட கத்துக்கினு, பரிட்சை எழுதி அதுக்கு மேல ஜி கார்டு வாங்கினவங்க எனக்கு தெரிஞ்சே நெறைய பேரு. ப்ளஸ் டூ முடிச்சிருக்கியா?

கொருக்குப்பேட்டை பையன்:
முடிச்சிருக்கேன் ஐயா, பி.காம் ரெண்டு அரியர் நிக்குது.

ஹார்பர் பெருசு:
அப்ப பேப்பர் பக்கமே போ. அரியர முடி முதல்ல. இன்னொண்ணு, உனக்கு ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளர் மருத்துவ காப்பீடு, பிடிக்கறாங்களா? 21,000-க்கு கீழ சம்பளம்னா பிடிச்சாகணும், உன் பங்கு 0.75 பர்சென்ட், முதலாளி பங்கு 3.25. சம்பள ஸ்லிப்ப பாரு.

கொருக்குப்பேட்டை பையன்:
பிடிக்கறாங்க ஐயா, நூத்தி சொச்சம். கார்டு எதுவும் குடுக்கல. பிஎஃப்பும் பிடிக்கறதா சொல்றாங்க, நம்பர் தெரியாது.

ஹார்பர் பெருசு:
காண்ட்ராக்டர் ஆபீஸ்ல போய் ஈஎஸ்ஐ நம்பரும் பிஎஃப்புக்கு யுஏஎன் நம்பரும் எழுதி வாங்கு. குடுக்கலனா சம்பளத்துல பிடிச்சத கட்டலன்னு அர்த்தமா இருக்கலாம், உமாங்னு கவர்மென்ட் ஆப் இருக்கு, அதுல பிஎஃப் பாஸ்புக் பாத்தா தெரிஞ்சிடும். நம்பர் வந்ததும் அம்மா பேர சேரு. பெத்தவங்க உன்ன நம்பி இருந்து அவங்க வருமானம் மாசம் 9,000-க்குள்ளனா ஈஎஸ்ஐ டிஸ்பென்சரில மாத்திரை காசில்லாம வாங்கலாம், பெருசா ஏதாவதுனா அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி. அது வர வரைக்கும் கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்துல சுகர் பிபி மாத்திரை ஃப்ரீயா தராங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேர் குடுத்தா வீட்டுக்கே வரும். 700 ரூபா மெடிக்கல்ல எதுக்கு அழுவற.

தையல்மெஷின்:
எல்லாரும் இவரையும் அம்மாவையும் பத்தியே பேசறீங்க, வொய்ஃப் 4,000-க்கு நாள் பூரா மெஷின் மிதிக்கறாங்களே அத யாரும் கேக்கலியே. நான் பழைய வண்ணாரப்பேட்டைல தையல் தான். எம்.சி. ரோடு கடைக்காரன் ஏஜென்ட்டுக்கு ஒரு ரேட் குடுப்பான், ஏஜென்ட் அதுல பாதிய வெச்சிக்கினு நம்ம கைல போடுவான், நூலும் ஊசியும் நம்ம தலைல. பீஸ் ரேட்ல வேகம் கூடினா வரவு கூடும்னு நெனப்போம், கூடறது முதுகு வலி தான். உங்க வொய்ஃபுக்கு கட்டிங் தெரியுமா?

கொருக்குப்பேட்டை பையன்:
வெட்டி குடுக்கறத தைப்பா அக்கா. தனியா பிளவுஸ் வெட்ட பயப்படறா, துணி வீணாயிடும்னு.

தையல்மெஷின்:
அங்க தான் எல்லாரும் நின்னுடறாங்க. நைட்டி நேர் கோடு, பத்து நாள்ல வரும். பிளவுஸ்ல கைக்குழி வளைவும், டாட் மடிப்பு எங்க வரணும்ங்கறதும் தான் மொத்த வித்தையும், கைக்குழி அரை இஞ்ச் தப்பினா கைய தூக்கும்போது பிளவுஸே மேல ஏறும், கஸ்டமர் மறுபடி வரமாட்டா. பழைய காட்டன் புடவைய வெட்டி வெட்டி பழக சொல்லுங்க, சொந்த பிளவுஸ் நல்லா ஃபிட்டா இருக்கறத பிரிச்சு போட்டு அது மேல பேப்பர் வெச்சு அளவு எடுக்க சொல்லுங்க. முதல் ரெண்டு மாசம் பீஸ் வேலைய விட வேணாம், கூடவே ஃபால்ஸ் வெச்சு ஓரம் அடிக்கறது, ஜிப் மாத்தறது, சுடிதார் சைடு பிரிக்கறதுன்னு தெருவுல நோட்டீஸ் ஒட்டாம வாய் வார்த்தையாவே ஆரம்பிக்கலாம். ஸ்கூல் தொறக்கற நேரம் யூனிஃபார்ம் ஆல்ட்ரேஷன் மட்டுமே வீடு கொள்ளாம வரும். லைனிங் பிளவுஸ் ஒண்ணுக்கு எங்க ஏரியாவுலயே 300 வாங்கறோம், டெய்லி ஒண்ணு தெச்சாலும் நீங்களே கணக்கு பாருங்க. ஆடி மாசம் டல்லா இருக்கும், அப்பறம் தீபாவளி வரைக்கும் மூச்சு விட முடியாது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி புது ஆர்டர் எடுக்காதீங்க, அப்ப தான் பேர் கெடும்.

வட்டிக்கணக்கு:
தண்டலுக்கு வரேன். அம்மா தெரு வியாபாரின்னா பிஎம் ஸ்வநிதி லோனுக்கு போடலாம், தெரு வியாபாரிங்களுக்குன்னே இருக்கற மத்திய அரசு திட்டம். 2020-ல கொரோனா நேரத்துல ஆரம்பிச்சப்ப முதல் தவணை 10,000 இருந்துச்சு, 2025-ல 15,000 ஆக்கிட்டாங்க, ஒழுங்கா கட்டினா அடுத்து 25,000, அப்பறம் 50,000. அடமானம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நாள் தவறாம கட்டினா வட்டில 7 பர்சென்ட் மானியமா அக்கவுண்டுக்கே திரும்பி வரும். 15,000-த்துக்கு மாசம் 1,350-க்குள்ள தான் வரும், ஒரு வருஷம். அதுல தண்டல் பாக்கிய ஒரே அடியா முடிங்க, மிச்சம் அந்த கடை டப்பாவுக்கு மொதலா போகட்டும். இப்ப தண்டலுக்கு 3,000 போகுது, அதுல 1,650 மிச்சம். நீங்க துண்டு விழுதுன்னு சொன்ன தொகையும் அது தான், பாத்தீங்களா.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
பேப்பர்ல நல்லா இருக்கு சார். பேங்க்ல போனா மேனேஜர் இல்ல, நாளைக்கு வா, சர்வர் டவுன். எங்க தெருவுல பூ விக்கற அக்கா அலைஞ்சி அலைஞ்சி விட்டுட்டாங்க.

வட்டிக்கணக்கு:
அலைய விடறது உண்டு, மறுக்கல. நேரா பேங்குக்கு போனா தான் அலைச்சல் ஜாஸ்தி. கார்ப்பரேஷன் மண்டல ஆபீஸ் வழியா போனா விண்ணப்பம் ஆன்லைன்ல ஏறிடும், அப்பறம் பேங்க் இல்லன்னு சொல்லணும்னா காரணம் எழுதணும்.

காசிமேட்டு அக்கா:
லோன் வந்த அன்னிக்கே தண்டல்காரன்கிட்ட கணக்கு முடி தம்பி, நோட்டுல கையெழுத்து வாங்கு. வூட்டுல பத்தாயிரம் சும்மா கெடந்தா யாருக்காவது காது குத்து வரும். குழுவுலயும் சொல்லி வை, ஒருத்தி கட்டலனா மத்தவங்கோ தலைல கட்டுவாங்கோ. எங்க குழுவுல நைட்டு எட்டு மணி வரைக்கும் வூட்டு வாசல்லயே குந்திகினு இருப்பானுங்கோ.

வட்டிக்கணக்கு:
அது கூடாது அக்கா. குழு லோன் மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ் வசூலுக்கு காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 6 மணிக்கு மேலயும் வரவோ போன் பண்ணவோ கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022-லயே விதி போட்டிருக்கு. குடும்பத்து மொத்த தவணையும் மாச வருமானத்துல பாதிய தாண்டற மாதிரி லோன் குடுக்கவும் கூடாது. மிரட்டினா போலீஸ்ல குடுக்க தமிழ்நாட்டுல 2025-ல தனி சட்டமே வந்திருக்கு.

டோல்கேட் அண்ணாச்சி:
தம்பி, கணக்குல மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்த காணமே?

கொருக்குப்பேட்டை பையன்:
அம்மா பேர்ல வருது அண்ணாச்சி. அத நான் தொடறதில்ல, அப்படியே தீபாவளி சீட்டுக்கு கட்டறாங்க. தெரிஞ்சவங்க தான் பிடிக்கறாங்க.

வட்டிக்கணக்கு:
பதிவு பண்ண சீட்டா?

கொருக்குப்பேட்டை பையன்:
ஒரு அட்டை குடுத்திருக்காங்க சார், மாசா மாசம் சைன் போடுவாங்க.

வட்டிக்கணக்கு:
அட்டைக்கு கோர்ட்ல மதிப்பு கம்மி. 1982 சீட்டு சட்டப்படி பதிவாளர் ஆபீஸ்ல பதிவு இருக்கணும். போஸ்ட் ஆபீஸ் ஆர்டின்னு மாசா மாசம் கட்டற சேமிப்பு இருக்கு, அதுல மாசம் 100 ரூபாய்ல இருந்தே போடலாம், 6.7 பர்சென்ட், ஆயிரம் ரூபா அஞ்சு வருஷம் கட்டினா 71,000-க்கு மேல கைல வரும்.

காசிமேட்டு அக்கா:
அஞ்சு வருஷம் கழிச்சா தீபாவளி கொண்டாடுவாங்கோ? வருஷா வருஷம் பட்டாசு, துணி, பாத்திரம் வேணுமே. அம்மாக்கு அந்த சீட்டு ஒரு சந்தோசம், அதுல கை வெக்காதீங்கோ.

வட்டிக்கணக்கு:
ஒரு வருஷ ஆர்டி பேங்க்ல இருக்கு அக்கா, தீபாவளிக்கு முந்துன மாசம் முடியற மாதிரி போட்டா போதும். இந்த வருஷ சீட்டு முடியட்டும், அடுத்ததுக்கு அம்மாகிட்ட பேசிப் பாருங்க.

தையல்மெஷின்:
பாப்பா ஸ்கூல்ல யாரும் கை வைக்கல, நான் வைக்கறேன். ஒண்ணாங்கிளாஸ்க்கு கார்ப்பரேஷன் ஸ்கூல பாருங்க. அஞ்சாவது வரைக்கும் காலைல டிபன் அங்கயே, புக்கு, யூனிஃபார்ம் ஃப்ரீ. ஆறாவதுல இருந்து அரசு பள்ளில படிச்சா காலேஜ் போகும்போது புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம், மெடிக்கல் சீட்டுல 7.5 பர்சென்ட் தனி ஒதுக்கீடு. எம்பொண்ணு அப்படி தான் படிக்கறா.

கொருக்குப்பேட்டை பையன்:
வொய்ஃப் ஒத்துக்க மாட்டா அக்கா. இங்கிலீஷ் மீடியம்னு ஒத்த கால்ல நிக்கறா. அத இப்ப பேசினா தையல் பேச்சும் கெட்டுடும், விட்டுடறேன்.

தையல்மெஷின்:
கார்ப்பரேஷன்லயும் இங்கிலீஷ் மீடியம் இருக்கு. சரி உங்க வீடு உங்க இஷ்டம்.

கொருக்குப்பேட்டை பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடுவுல டெலிகிராம்ல வீட்டுல இருந்தே வீடியோவுக்கு லைக் போட்டா டெய்லி 2,000-னு ஒருத்தர் அனுப்பிச்சாரு, முதல்ல 150 ரூபா போட்டும் விட்டாரு. அது ஓகேவா?

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
பிளாக் பண்ணு ப்ரோ. 150 போட்டது தூண்டில்ல புழு. அடுத்து 5,000 கட்டு 7,000 தரேன்னு வருவான். ஏற்கனவே கட்டியிருந்தா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு போன் போடு.

கொருக்குப்பேட்டை பையன்:
கட்டல ப்ரோ, பிளாக் பண்ணிட்டேன். திங்கக்கிழமை லீவு போட்டுட்டு அம்மாவ கூட்டிட்டு தண்டையார்பேட்டை மண்டல ஆபீஸ் போறேன். அம்மாகிட்ட வியாபாரி கார்டு எதுவும் இல்ல சார், கடையும் வாசல்ல தான், வண்டி கிடையாது. குடுப்பாங்களா?

வட்டிக்கணக்கு:
2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்புல விட்டுப்போனவங்களுக்கு கார்ப்பரேஷன்ல பரிந்துரை கடிதம் குடுக்க வழி இருக்கு, அதத்தான் கேக்கணும். வாசல்னு சொல்லாம கடை ரோட்டோரமா, பிளாட்பாரத்துலயான்னு தெளிவா சொல்லுங்க, வந்து பாப்பாங்க. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. முக்கியமா அம்மா ஆதார்ல எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க, ஓடிபி அதுக்கு தான் வரும்.

கொருக்குப்பேட்டை பையன்:
அது மச்சானோட பழைய நம்பர் சார்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
மறுபடி மச்சானா 😂

காசிமேட்டு அக்கா:
அப்ப மொதல்ல போஸ்ட் ஆபீஸ்ல போய் நம்பர் மாத்து தம்பி, அப்பால மண்டல ஆபீஸ். அம்மா கடைல நின்னு இட்லி ஊத்துற மாதிரி ரெண்டு போட்டோ புட்சி வெச்சிக்க, ஆளுங்க நின்னு துன்றது தெரியணும். எங்க சங்கத்துல அத்த தான் மொதல்ல கேட்டாங்கோ.